பண்டாரவளையில் இறங்கியவள்

"உன் பொஞ்சாதி கேம்புலேயே காய்ச்சல்ல செத்துப்போச்சுப்பா" என்று பெரியணனிடம் நான் சொல்லி முடிக்கவும், அவள் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது.

என் மேல் பிசகு இல்லை. காலையில் கடற்கரை முகாமிலிருந்து தந்தி வந்திருந்தது. நமுனுகுலைத் தோட்டத்து எண்ணுக்கு உரிய பெண் இறந்துவிட்டாள் என்று அதில் இருந்தது. அந்தத் தோட்டத்துக்கு இன்று வரவேண்டிய ஒரே பெண், அங்கே வேலை செய்யும் பெரியணனின் பெண்சாதிதான்.

பெயரெல்லாம் தந்தியில் வராது. என் பட்டியலிலும் கிடையாது. இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் வந்து இறங்கும்போதே ஆளுக்கொரு தகரத்தைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதில் தோட்டத்தின் எண் வெட்டியிருக்கும். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் என்பதால், ஊவா மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் இறங்குவார்கள். தகரத்தைப் படித்து, இன்னார் இன்ன தோட்டம் என்று பிரித்து அனுப்ப வேண்டியது என் வேலை.

தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தவன், "ஏங்க" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தான்.

மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறான். சிரித்தான், அழுதான், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் என்று சொன்ன என் வாய் புழுத்துப்போகும் என்றான். நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். அந்த வாய்க்கு அது வேண்டியதுதான்.

"சரி, சரி. கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் அவன் பெண்சாதி இராக்கம்மாவின் தகரத்தைப் பார்த்தேன்.

அதில் இருந்தது பூனாகலைத் தோட்டத்தின் எண்.

பார்க்காமலே விட்டிருக்கலாம். ஆனால் தன் தோட்டத்துக் கூலியாட்களை அழைத்துப்போக வந்த பூனாகலைக் கங்காணி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண்ணாள் குறைகிறதே என்று அரைமணி நேரமாகப் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தவர் அவர்.

"தகரம் யாரு கழுத்துல கெடக்குதோ, அந்த ஆளு அந்தத் தோட்டத்து ஆளு. நீங்கதானே சொன்னீங்க, கிளாக்கரய்யா?"

சொன்னேன். போன மாதம் இதே மேடையில், அவர் வேறு தோட்டத்து ஆளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தபோது, நாலு பேர் கேட்கச் சொன்னேன். என் வார்த்தையை எடுத்து என் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

பெரியணன் என் காலைப் பிடித்தான். முகாமில் எல்லாரையும் குளிக்க வைத்து, துணிமணியை ஆவியில் அவித்துக் கொடுக்கும்போது அந்தப் படுபாவிகள்தான் மாற்றி மாட்டியிருப்பார்கள் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். யார் செய்த தவறாக இருந்தால் என்ன? எண் வெட்டிய தகரத்தை நான் திருத்த முடியாது. முடிச்சில் ஈயம் வைத்து முத்திரை குத்தியிருக்கும். முகாமுக்கு எழுத வேண்டும், அவர்கள் பதில் போட வேண்டும், இரண்டு தோட்டத்துத் துரைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஆகலாம். ஆகாமலேயும் போகலாம்.

இதை அவனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடம் பேனா பிடித்த கை, புருஷன் பெண்சாதியை ஒரே வழியில் அனுப்பத் துப்பில்லாமல் நின்றது.

இராக்கம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப செத்துப்போனது யாருங்கய்யா?"

"உனக்குக் குடுத்த தகரத்தை யாரு போட்டிருந்தாங்களோ அவங்கதாம்மா."

அவள் தன் தகரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பாமல் என்னிடமே சொன்னாள்.

"யாரும் மாத்தலீங்க. நாந்தான் மாத்திக்கிட்டேன். எனக்குக் கறுப்புக் கயித்துல கோத்துக் குடுத்தாங்க. தாலிக்குப் பக்கத்துல கறுப்பு கெடந்தா அவுகளுக்கு ஆகுமாங்க? பக்கத்துல படுத்திருந்த அம்மா தாலி அறுத்தவங்க. அவங்களுக்குப் போயி மஞ்சக் கயிறு. போட்டுக்கக் கூசிக்கிட்டு முந்தானையால மூடிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு பேருமா தலவழியாக் கழட்டி மாத்திப் போட்டுக்கிட்டோம். தகரம் எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சோம்."

கங்காணிகூட வேறு பக்கம் பார்த்தார்.

இனி இவள் தன் முட்டாள்தனத்தை நினைத்து மார்பில் அடித்துக்கொண்டு அழப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். மேடையில் அழுகிறவர்களை என்ன செய்வது என்று இருபது வருடத்தில் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அவள் அழவில்லை. புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். காய்ச்சல் இல்லையே என்று பார்ப்பதுபோல அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"உங்களுக்கு வந்த சாவுங்க அது. அந்தப் புண்ணியவதி வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே பூனாகலைக்குப் போகிறவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.