பேஸ் கிடார் இல்லாத பாட்டு

இன்பநாதனின் மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் கிரேக், புனேயின் போபோடி பகுதியிலிருந்த அவர் வீட்டுக்கு முதன்முதலாக வந்திருந்தான். அவரோ வடாபாவ் தட்டைக்கூட நீட்டாமல் அவனோடு மல்லுக்கு நின்றார்.

"எண்பதுகள்ல நம்ம புனேயில நியூ வேவ் ராக்னா 'டின் ரேடியோ' பேண்டுதான் அங்கிள். அவங்க அடையாளமே 'ரெட் ஸ்கூட்டர்'தான்."

"அதெல்லாம் ஒரு பாட்டா? அவங்களோட 'கேன்டீன் கேர்ள்' கேட்டிருக்கியா நீ?"

"கேட்டேன், ஒரே இரைச்சல். 'ரெட் ஸ்கூட்டர்'ல பேஸ் கிடாரே கிடையாது. அந்த வெறுமைதான் அழகு."

"வெறுமையாவது, வெங்காயமாவது!"

டீ கொண்டுவந்த மனைவி ஆரோக்கியமணி சிரித்தாள். "விடுங்க தம்பி. அதைப் பதிவு பண்ணின அன்னைக்கு, பேஸ் கிடார் வாசிக்க வேண்டியவரு அம்மை போட்டு இதே வீட்டுல படுத்திருந்தாரு."

கிரேக் இன்பநாதனைத் திரும்பிப் பார்த்தான்.

இன்பநாதன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுப்பா. அந்த அழகுக்கு நான்தான் காரணம்."