வளைவில் ஒரு பச்சைப் புள்ளி

செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, எந்த இடத்தில் போகிறது என்று பதிவு செய்துகொண்டே மலைப்பாதையில் காரை ஓட்டி வந்தான் நவநீதன். கம்பெனி வேலை. பக்கத்து இருக்கையில் இருந்த லேப்டாப்பில், அவன் கடந்துவந்த வழி முழுக்க, சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பாகவே கிடந்தது. பேச்சித்தாய் என்ற பெண் நடுரோட்டில் நின்று காரை மறித்தாள்.

“போன வருசமும் இப்படித்தான் வந்து அளந்துட்டுப் போனிய. டவர் எங்கய்யா?”

“அளக்கிறது மட்டுந்தாம்மா என் வேலை.”

“எம்மவள விடியக்காலம் பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இன்னும் ஒரு தாக்கல் தகவலும் இல்ல.”

நவநீதன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டான். பின்சீட்டில் அவள் மருமகனின் எண்ணை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் லேப்டாப் திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. “அத்தே...” என்று மருமகனின் குரல் கேட்டது. அதற்குள் கார் வளைவைத் தாண்டிவிட்டது, குரல் அறுந்தது.

சோதனையின் நடுவே வண்டியைப் பின்னால் எடுத்தால் பதிவு கெட்டுவிடும், முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நவநீதன் யாரையோ திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து, பச்சை விழுந்த இடத்தில் நிறுத்தினான். அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள், மறுமுனையில் மணி அடித்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்து நின்ற பஸ், வழிவிடச் சொல்லி ஹாரனை அலறவிட்டது.

“என்ன மாப்ளே? சத்தமாச் சொல்லுங்க! என்னது?” ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேச்சித்தாய் கத்தினாள்.

நவநீதன் இறங்கி ஓடி, பஸ்ஸின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினான். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.