வலது கால், ஒன்பதாம் நம்பர்

"ஏன்க்கா, ஆறு வருஷமா இப்படியேதான் அனுப்புறீங்களா?"

"ஆமாம்மா" என்றாள் பேக்கிங் அக்கா. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி, ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னாள்.

ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்பும்போது ஜோடியாக அனுப்ப மாட்டார்கள். ஜோடி என்றால் விற்கலாம், விற்கலாம் என்றால் சுங்கத்தில் வரி கேட்பார்கள். ஒற்றை ஷூவை எவன் காசு கொடுத்து வாங்குவான்? அதனால் எல்லா நாட்டுக்கும் இடது கால், எட்டாம் நம்பர். சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள்.

ஒரே ஒரு கஸ்டமருக்கு மட்டும் அக்கா வலது காலில் ஒன்பதாம் நம்பரை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். பன்னாட்டு வணிகப் படிப்பில் தங்கப் பதக்கம். படித்து முடித்தால் மாதம் ஒரு விமானம் என்று கல்லூரியில் ஆசை காட்டியிருந்தார்கள். கிடைத்தது என்னவோ சாம்பிள் அறையும் ஆடுகிற ஒரு ஸ்டூலும்தான். திறமையைக் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நேரே மேனேஜரிடம் போய் நின்றாள்.

மேனேஜர் பதறிவிட்டார்.

"அவங்க நம்ம பெரிய கஸ்டமராச்சே! இப்பவே போன் பண்ணி நீயே மன்னிப்பு கேளும்மா. அவங்க கோவப்பட்டாங்கன்னா, அந்தம்மாவை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்."

வேலைக்கே உலை வைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. அக்காவின் டிபன் பாக்ஸில் பாதி தினமும் அவளுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நம்பரை அழுத்தி, படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி மன்னிப்புக் கேட்டாள்.

"ஐயையோ, தயவுசெஞ்சு திருத்திடாதீங்க!" என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. "எங்க குடோன் வாட்ச்மேனுக்கு இடது கால் கிடையாது. சாம்பிளைப் பாத்து முடிச்சதும் அவருக்குத்தான் கொடுத்துடுவோம். உங்க பார்சல் வந்தா அன்னிக்கு அவர் முகத்தைப் பாக்கணுமே! நீங்க பண்ணின தப்பு அவரோட அதிர்ஷ்டம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி சரி, அது பாட்டுக்கு அப்படியே போகட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

"அக்கா, நல்லவேளை, தப்பிச்சீங்க! நீங்க கவனிக்காம அனுப்பினது ஒருத்தருக்கு நல்லதா முடிஞ்சிருக்கு. அங்க ஒரு வாட்ச்மேனுக்கு வலது கால் மட்டும்தானாம். அந்த ஷூவையெல்லாம் அவர்தான் போட்டுக்கறாராம்!"

டேப் இழுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன.

"அவர் கைக்குப் போய்ச் சேருதாம்மா? முதல் வருஷம் அவங்க குடோனை வீடியோவுல காட்டினப்போ, கேட்டைத் திறந்துவிட்டாரே, அப்போ பாத்ததுதான். குத்துமதிப்பாதான் ஒன்பது போட்டேன். அளவு சரியா இருக்காம்மா அவருக்கு?"