பெருச்சாளி தள்ளிய சத்தம்

குளம் வறண்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. மிஞ்சிய பெருச்சாளியும் தேரையும் நிலத்தடித் தண்ணீரைத் தேடின.

"இடம் தெரிஞ்சா ஒரே நாள்ல தோண்டிடுவேன்" என்ற பெருச்சாளி, தரையில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. "படபடன்னு கேட்டா மேல்மண்ணு. மெதுவா, நீளமா கேட்டா ஆழம். மேல கேக்கிறதை ஒவ்வொண்ணா தள்ளிட்டா, கடைசியில தண்ணிதான் மிஞ்சும்."

"சரிண்ணே."

"இது எறும்பு, தள்ளு. இது கரையான், அதையும் தள்ளு."

தேரை தலையைத் தூக்கிப் பார்த்தது. "அண்ணே, சரசரன்னு ஒண்ணு கேக்குதே."

"மேல்மண்ணுதான். தள்ளு."

"கிட்ட வருதுண்ணே!"

"கிட்ட இருக்கிறதைக் கேட்டுக்கிட்டிருந்தா ஆழத்துல இருக்கிறது காதுல விழாது. வாயை மூடு."

தேரை ஒரே தாவலில் பாறை இடுக்குக்குள் போனது. பெருச்சாளி அந்தச் சத்தத்தையும் தள்ளியது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"கேட்டுடுச்சு! பத்தடியில ஊத்து ஓடுது!"

அது சொன்னது சரிதான். வெகுநேரம் கழித்து தேரை வெளியே வந்தபோது, வயிறு புடைத்த பாம்பு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தேரையின் காலுக்குக் கீழே பத்தடியில் தண்ணீர் ஓடியது. தோண்டத்தான் ஆளில்லை.