செவிலியின் வரி

நாடகம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தபோது, சுகிர்தாவின் ஒரே வரியைத் தண்டபாணி அடித்துவிட்டார். இயக்குநரும் அவர்தான், அரசனும் அவர்தான். சுகிர்தா இளவரசனை வளர்க்கும் செவிலி.

“மூணு காட்சி சும்மா தொட்டில் ஆட்டறேன் சார். பேசறது அந்த ஒரு வரிதான். அதையும் எடுத்துட்டா எப்படி?”

“‘அவன் பேரு மாறன்யா’ன்னு சொல்றது கொச்சையா இருக்கும்மா. என் புலம்பலுக்கு அப்புறம் அது வந்தா ஜனங்க சிரிப்பாங்க. நீ அழு, போதும்.”

கடைசிக் காட்சியில் இளவரசன் தொட்டிலில் இறந்துகிடந்தான். அரசன் மண்டியிட்டு அழகுத் தமிழில் புலம்பினான். தேய்ந்த நிலவு வந்தது, கருகிய முல்லை வந்தது, விதியின் வாள் வந்தது. குழந்தையின் பெயர் மட்டும் வரவில்லை. அரங்கில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். தொட்டிலிலிருந்து எடுத்த சிறு தலையணையை நெஞ்சோடு பிடித்தபடி சுகிர்தா நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்திருந்ததில் தாடை வலித்தது.

கைதட்டல் எழுந்தது. அதை வாங்கிக்கொள்ள அரசன் புலம்பலைச் சற்று நிறுத்தினான். அவள் தலையணையை அவன் மடியில் எறிந்தாள்.

“அவன் பேரு மாறன்யா. இத வெச்சு அவன் மூச்ச அமுக்குனது நீதான்.”