பக்கத்து மிஷின்

மாரிசெல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை போகப் போகிறது என்பது மட்டும் விளங்கியது.

“ஏட்டி, முக்கால்வாசி நேரம் உன் கண்ணு பக்கத்து மிஷின்லயே இருந்திருக்கு. அங்க என்ன பராக்கு?” என்றார் மேஸ்திரி தங்கச்சாமி.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். ஆராய்ச்சி மாணவி ஷீனா மதுரையிலிருந்து ஒரு வி.ஆர். பெட்டி கொண்டுவந்திருந்தாள். கண்ணில் மாட்டினால் உள்ளே அச்சு அசலாக இன்னொரு மில் ஓடும். அறுந்த நூலைக் கை நீட்டித் தொட வேண்டும். கண் போகிற இடத்தையெல்லாம் பெட்டி குறித்துக்கொள்ளும். அவள் வந்தது படிப்புக்காக. மேஸ்திரி அதை வைத்து ஆளைக் கழிக்கக் கிளம்பிவிட்டார்.

“பெட்டிக்குள்ள பக்கத்து மிஷின்ல ஆளே கிடையாதேக்கா. பொறவு எதுக்குப் பாத்தீங்க?” ஷீனாவுக்கும் குழப்பம்தான்.

“தெரியலம்மா. தன்னால திரும்பிருது.”

“உனக்கு அடுத்த மிஷின்தான பாண்டிசெல்விக்கு? ஆறு மாசமா ஒரு நூலு விட்டிருப்பாளா அவ? நீ நாளையிலருந்து வர வேண்டாம்” என்றார் மேஸ்திரி.

மாரிசெல்வி ரெண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் படிக்கவைக்கிறவள். ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை.

“எப்படிப் பாக்கணும்னு இவ தெரிஞ்சுக்கிடட்டும். பாண்டிசெல்வியக் கூப்பிடுங்க” என்றார் மேஸ்திரி.

“அவ எதுக்கு அண்ணாச்சி? நான் போயிருதேன்” என்றாள் மாரிசெல்வி அவசரமாக.

யார் கேட்டார்கள்? பாண்டிசெல்வி வந்து பெட்டியை மாட்டிக்கொண்டாள்.

அவள் கண் அக்கம்பக்கம் போகவே இல்லை. தன் மிஷினிலேயே இருந்தது. ஆனால் அறுந்த இருபது நூலில் அவள் தொட்டது மூன்று. மற்றதையெல்லாம் கண் தாண்டிப் போய்விட்டது.

ஷீனா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். இந்த முறை இரண்டு.

மேஸ்திரி ஷீனாவைப் பார்த்தார். ஷீனா பெட்டியைப் பார்த்தாள்.

“பெட்டியிலதான் ஏதோ கோளாறு போல சார்.”

“ஆமாம்மா, பெட்டிதான் கோளாறு” என்று மாரிசெல்வி முந்திக்கொண்டாள். வேலை போகிறது என்றபோது வராத கண்ணீர் இப்போது வந்திருந்தது.

பாண்டிசெல்வி பெட்டியைக் கழற்றி மேஜையைத் தடவி வைத்தாள்.

“ஏட்டி, நீ சும்மா இரு. பெட்டி சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. எனக்குக் கண்ணு மங்கி ஆறு மாசமாச்சு. எம் மிஷின்ல அறுந்ததையெல்லாம் ஓடி ஓடி ஒட்டுனது அவதான்.”