மூன்றாவது சுற்று

வேட்டைநாய் ஹல்லி குரைத்துத் துரத்த, முயல் அந்தச் சின்ன ஏரித்தீவை முழுசாகச் சுற்றிவந்து மூன்றாவது முறையாக வெய்க்கோவின் முன்னாலேயே ஓடியது. அவன் துப்பாக்கியைத் தூக்கவேயில்லை.

பைன் மர மறைவிலிருந்து அக்கா இர்யா சீறிக்கொண்டு வந்தாள். "கையில என்ன, துடைப்பக்கட்டையா வச்சிருக்க?"

"இருக்கட்டும்க்கா."

"என்ன இருக்கட்டும்? நம்ம தீவு முயல்ல சூப்பு வச்சு குவோப்பியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, அப்பா நாலு வாயாவது குடிப்பாருடா. டாக்டர் ரெண்டு நாள்தான்னுட்டாரு."

"அவரால இனிமே முழுங்க முடியாதுக்கா."

"நகரு. நானே சுடறேன்."

முயல் போன பக்கம் அவள் தன் துப்பாக்கியால் குறிபார்க்க, வெய்க்கோ அதன் குழலைப் பிடித்துத் தாழ்த்தினான். "முயல் விழுந்துட்டா ஹல்லி குரைக்கிறதை நிறுத்திடும்."

"நிறுத்தட்டுமே! அதுக்கென்ன இப்போ?"

அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினான். அழைப்பு நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. காதில் வைத்த இர்யாவுக்கு முதலில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"சுட்டுடாதம்மா... இன்னும் ஒரே ஒரு சுத்து வரட்டும்."